ஒற்றை உறுப்பின் விலை

"இந்தச் சின்னப் புஷ்ஷுக்கு இவ்வளவு காசா? கடையில் பத்தில் ஒரு பங்குக்கு வாங்கலாமே!" லேத் பட்டறைகளின் வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பத்திரிகைத் தொழிலில் அச்சு இயந்திரங்களின் அருகே பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இந்தப் பேச்சு எனக்குப் பழகியதே. பேசுபவர் நேர்மையானவர்தான், ஆனால் அவர் போடும் கணக்குத் தவறானது.

கடையில் விற்கும் உறுப்பு ஆயிரக்கணக்கில் உற்பத்தியானது. நாம் கேட்பதோ ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைக் கடையத் தொடங்குமுன், தேய்ந்த பழைய உறுப்பை அளக்க வேண்டும். தேய்வதற்கு முன்னர் அது என்ன அளவில் இருந்தது என்பதை, அது பொருந்தும் தண்டைப் பார்த்துக் கணிக்க வேண்டும். ஏற்ற உலோகத்தைத் தேடி எடுத்து, இயந்திரத்தின் பிடியில் மையம் பார்த்துப் பொருத்தி, வெட்டும் உளியைத் தீட்ட வேண்டும். இவற்றுக்கு மூன்று மணித்தியாலமும், கடைவதற்கு 20 நிமிடமும் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஒன்று மட்டும் செய்தால் அதற்கு 200 நிமிட உழைப்பு. நூறு செய்தால் ஒன்றுக்கு 22 நிமிடம்கூட வராது. விலை வேறுபாட்டின் இரகசியம் இவ்வளவே. நாம் உலோகத்தின் நிறையைப் பார்க்கிறோம். பட்டறைக்காரர் தம் நேரத்தைப் பார்க்கிறார்.

பற்சக்கரமென்றால் செலவு மேலும் ஏறும். ஒரே பல்லளவுக்கே, பற்களின் எண்ணிக்கையைப் பொறுத்து எட்டு வெட்டிகள் கொண்ட தொகுதி வழக்கில் உள்ளது. உரிய வெட்டி கையில் இல்லாவிடில் அதன் விலையும் அந்த ஒற்றைச் சக்கரத்தின் தலையில்தான் விழும்.

1990இல் வடபகுதி மீது பொருளாதாரத் தடை இறுகியபோது, எரிபொருளும் பற்றரியும் சீமெந்தும்கூட அரிதாகின. புதிய உதிரிப்பாகம் என்ற பேச்சுக்கே இடமில்லாத அந்நாட்களில், நீரிறைக்கும் இயந்திரங்களையும் அச்சகங்களையும் ஓட வைத்தவை உள்ளூர்ப் பட்டறைகளே. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதிகள் தடைப்பட்டபோதும், நாடு முழுவதும் பலர் அவற்றின் படியில்தான் ஏறினர். நெருக்கடியில் தேடிப் போகிறோம். நெருக்கடி தீர்ந்ததும் பேரம் பேசுகிறோம். இப்படியிருந்தால் இந்தத் தொழிலைக் கற்க எந்த இளைஞன் முன்வருவான்?

பட்டறைக்காரர் கேட்கும் தொகை எல்லாம் நியாயம் என்று நான் வாதிடவில்லை. வேலைக்கு முன்பே அளவெடுப்பு, உலோகம், கடைசல் எனப் பிரித்து விலை சொல்வது அவர் கடமை. செலவைக் குறைக்க நம்மாலும் முடியும். பழைய உறுப்போடு அது பொருந்தும் பாகத்தையும் கொண்டு செல்லலாம். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குத் துல்லியம் எந்த இடத்துக்குத் தேவை, பத்தில் ஒரு பங்கு எங்கே போதும் என்று பேசி முடிவு செய்யலாம். விரைவில் தேயும் உறுப்பென்றால் இரண்டாகச் செய்விக்கலாம். இரண்டாவதற்கு ஆயத்த வேலையின் பெரும்பகுதி மிச்சம்.

கூலியை வெட்டிச் சேமிக்கும் பணம் நமக்கு இலாபமல்ல. அடுத்த முறை இயந்திரம் நிற்கும்போது, அதைத் திருத்தத் தெரிந்த கை ஊரில் இருக்க வேண்டும். அந்தக் கைக்குரிய ஊதியமும் அந்தச் சிறிய புஷ்ஷின் விலைக்குள் அடங்கியிருக்கிறது.