மூடாத கதவும் கட்டாத கட்டணமும்

ஜெஞ்சாரோமில் தரைவீட்டில் வளர்ந்தவன் நான். தீப்பிடித்தால் வாசலுக்கு ஓடினால் போதும் என்று நினைத்திருந்தேன். படிப்புக்காக இப்போது பன்னிரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். இங்கே வாசல் என்பது படிக்கட்டுதான். அதில் சைக்கிளும் காலணி அலமாரியும் நிற்கின்றன. புகையைத் தடுக்க வேண்டிய கதவு, செங்கல் முட்டுக்கொடுத்துத் திறந்தே கிடக்கிறது.

2017 ஜூன் 14-ஆம் தேதி லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் உயிரிழந்தனர். நான்காம் மாடியில் தொடங்கிய தீ, எளிதில் எரியும் வெளிச்சுவர்ப் பலகைகள் வழியே உச்சிவரை ஏறியது. தானாக மூடிக்கொள்ளாத கதவுகளால் புகை பரவியதையும் விசாரணை வெளிக்கொண்டு வந்தது.

நம் நாட்டில் ஹோட்டல், மருத்துவமனை போன்ற கட்டடங்கள் போம்பாவின் தீப் பாதுகாப்புச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடுக்குமாடி வீடுகளின் பொதுப் பகுதிகளைப் பராமரிப்பதோ, 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா மேலாண்மைச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பொறுப்பு. அதற்கான பணம், குடியிருப்போர் கட்டும் பராமரிப்புக் கட்டணம். அது நிலுவையானால் கண்ணுக்குத் தெரியாத வேலைகள்தாம் முதலில் தள்ளிப்போகும். மின்தூக்கி நின்றால் அன்றே புகார் செய்கிறோம். தீயணைப்புப் பம்பு பழுதானால் தீப்பிடிக்கும்வரை நமக்குத் தெரிவதில்லை.

அந்தச் செங்கல்லை நான் எடுத்துப் போட்டேன். மறுநாள் மீண்டும் அங்கே இருந்தது. வாடகைக்கு இருக்கும் எனக்கு ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டு இல்லை. வீட்டு உரிமையாளரான உங்கள் பெற்றோருக்கு இருக்கிறது. பம்பைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.