பாட்டனார் ஏறிய மலையும் பேரன் வீசிய பந்தும்

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். இங்கே ஓங்கி அடிப்பவன் கெட்டிக்காரன் அல்லன். அடித்த பந்தைத் தேடி எடுத்து வரவேண்டியவனும் அவனே. லயத்துக்கு முன்னால் ஒரு சிறு முற்றம், அதற்கப்பால் கான், அதற்கும் அப்பால் தேயிலைச் சரிவு. ஓடையில் விழுந்த பந்து கொத்மலை நீர்த்தேக்கத்தில் போய்த்தான் நிற்கும் என்று பெரியவர்கள் கேலி செய்வதுண்டு.

இப்பகுதி அன்பர்கள் சிலர், "முத்தையா முரளிதரன் நம் தோட்டத்துப் பிள்ளைதானே? அவருடைய ஆரம்ப காலத்தைப் பற்றி ஒரு வாரம் எழுதலாகாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். எழுதுவதற்கு ஆட்சேபமில்லை. ஆனால் கேள்வியில் ஒரு சிறு திருத்தம் செய்துகொள்ள அனுமதி வேண்டும். அவர் தோட்டத்துக்கு வேலை தேடி வந்தவரின் பேரன். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை அல்லர். இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அற்பமானதன்று.

அவருடைய பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920 ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து இம்மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர். பிற்காலத்தில் தம் புதல்வியருடன் தாயகம் திரும்பித் திருச்சிராப்பள்ளியில் குடியேறினார். புதல்வர்கள் இங்கேயே தங்கிவிட்டனர். பாதிக் குடும்பம் அக்கரையிலும் பாதிக் குடும்பம் இக்கரையிலுமாக வாழ்வது மலையகத்தாருக்குப் புதிய சங்கதியா? தங்கிய புதல்வர்களில் ஒருவரான முத்தையா, கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தி முன்னுக்கு வந்தார். அவருடைய மகனாக 1972 ஏப்ரல் 17 ஆம் தேதி பிறந்தவரே முரளிதரன்.

9 வயதில் அவரைக் கட்டுகஸ்தோட்டை அந்தோனியார் கல்லூரியில் சேர்த்தார்கள். அங்கே மைதானம் இருந்தது. அதைவிட முக்கியமாக, பார்க்கத் தெரிந்த கண் ஒன்று இருந்தது. பையன் முதலில் மித வேகப் பந்துதான் வீசிக்கொண்டிருந்தான். அவனுக்கு 14 வயதானபோது, பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ அதை நிறுத்தி, ஓஃப் ஸ்பின் எனப்படும் சுழற்பந்தை வீசிப் பார்க்கும்படி சொன்னார். வேகமாக ஓடிவந்து வீசுவதையே வீரமென்று நினைக்கும் வயதில் இத்தகைய யோசனையைக் கேட்டு நடப்பது எளிதன்று. பையன் கேட்டான். பிறவியிலேயே முழங்கையை முற்றாக நீட்ட இயலாத அமைப்பும், எப்படியும் வளையும் மணிக்கட்டும் அவனுக்கு வாய்த்திருந்தன. அந்த மணிக்கட்டிலிருந்து புறப்பட்ட பந்து நிலத்தில் பட்டதும் திரும்பிய திருப்பம், எதிரே நின்றவர்களைத் திகைக்க வைத்தது. நான்கு ஆண்டுகள் கல்லூரியின் முதல் அணியில் ஆடினார். நடுவரிசையில் துடுப்பெடுத்தும் ஆடியவர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். கடைசி இரண்டு பருவங்களில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தி, 1990/91 ஆம் ஆண்டின் சிறந்த பாடசாலை வீரர் என்ற விருதையும் பெற்றார்.

இனிமேல் எல்லாம் ஏறுமுகந்தான் என்று எவரும் எண்ணியிருப்பார்கள். கல்லூரியை விட்டதும், 1899 ஆம் ஆண்டில் தொடங்கிய கொழும்புத் தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்தார். 1991 இல் இலங்கை 'ஏ' அணியுடன் இங்கிலாந்துக்குப் பிரயாணம். அங்கே ஐந்து ஆட்டங்களில் பங்குபற்றினார். எடுத்த விக்கெட் ஒன்றுமில்லை.

ஒன்றுகூட இல்லை! பாடசாலை வீரர்களில் தலைசிறந்தவர் என்று பெயர் வாங்கிய பையன், வெறுங்கையுடன் விமானம் ஏறித் திரும்பினான். இந்த இடத்தில் சற்று நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். லயத்துப் பிள்ளை ஒருவனுக்கு இப்படி நேர்ந்திருந்தால், அடுத்த மாதமே அவன் கொழும்பில் ஏதோ ஒரு கடையில் மூட்டை பிரித்துக்கொண்டிருப்பான். அவனைக் குறை சொல்ல முடியுமா? வீட்டிலே அரிசி வாங்கக் காசு வேண்டுமே! காத்திருப்பதற்கும் ஒரு முதல் வேண்டும். முரளிதரனுக்கு அந்த முதலைத் தேடி வைத்தவர் அவருடைய தந்தையார். மலையேறி வந்த பாட்டனாருக்கும் பந்து வீசிய பேரனுக்கும் இடையில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை நிற்கிறது. திறமையைப் பாராட்டுவோர் இதை ஏனோ சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சொல்லிவிட்டால் அவருடைய பெருமை ஓர் அணுவும் குறைந்துவிடாது. தோட்டத்து மைதானங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் கவலைப்படுவார்கள், அவ்வளவுதான்.

திரும்பி வந்தவருக்கு மறு ஆண்டிலேயே வாய்ப்புக் கிடைத்தது. அலன் போர்டரின் அவுஸ்திரேலிய அணியினருக்கு எதிரான பயிற்சி ஆட்டமொன்றில் அவருடைய பந்துவீச்சு தெரிவாளர்களின் கண்ணில் பட்டது. 1992 ஆகஸ்ட் 28 ஆம் தேதி, 20 வயதில், கொழும்பு கெத்தாராம மைதானத்தில் தமது முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார். கிரேய்க் மெக்டெர்மட் அவருக்கு முதலாவதாக வீழ்ந்தார். அந்த ஆட்டத்தில் 141 ஓட்டங்களைக் கொடுத்து அவர் எடுத்த விக்கெட்டுகள் மூன்று. பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஓராண்டு கழித்து மொரட்டுவையில், தென்னாபிரிக்காவுக்கு எதிராக 104 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் விழுந்தபோதுதான், பெரியதொன்று வருகிறது என்பது புலப்பட்டது.

பிறகு வந்தது 1995 டிசம்பர் 26 ஆம் தேதி. மெல்பேர்ன் மைதானத்தில், பந்தை வீசாமல் எறிகிறார் என்று சொல்லி, நடுவர் டரல் ஹேர் மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவை முறையற்ற பந்தென்று கைநீட்டினார். அப்போது முரளிதரனுக்கு 23 வயது. அதுவரை 22 டெஸ்ட்களில் 80 விக்கெட்டுகள் எடுத்திருந்தார். ஆயிரமாயிரம் பேர் பார்த்திருக்க, ஓர் இளைஞனின் பிழைப்பையே கேள்விக்குறியாக்கிய செயல் அது. நடுவர் தம் கண்ணுக்குப் பட்டதைச் செய்தார் என்று வாதிப்போர் இன்றும் இருக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரனைக் கைவிடவில்லை. 1996 இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் கையின் அசைவைச் சோதித்த நிபுணர்கள், எறிவதுபோலத் தோன்றுவது கண்ணுக்கு உண்டாகும் மயக்கமென்று சொன்னார்கள். அந்தச் சர்ச்சை அதோடு தீர்ந்துவிடவில்லை. ஆயினும் அவர் வீசுவதை நிறுத்தவில்லை.

1997 மார்ச்சில் நியூஸிலாந்தின் ஹமில்டன் நகரில் அவருடைய நூறாவது டெஸ்ட் விக்கெட் விழுந்தது. இலங்கையர் ஒருவர் நூறைத் தொட்டது அதுவே முதல் தடவை. 25 வயது நிரம்ப அவருக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. 2010 இல் காலியில் எண்ணூறைத் தொட்ட கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கே பாடம்.