ஓடும் முன்பே உதறும் கால்கள்!

தளியில் விடியற்காலை பஸ் பிடித்து மாவட்டப் போட்டிக்குக் கிருஷ்ணகிரி மைதானத்தில் வந்து இறங்கும் பிள்ளைகள் முதலில் தேடுவது கழிப்பறையைத்தான். வயிற்றைக் கலக்கல், கை நடுக்கம்.

கோழைத்தனமா? இல்லவே இல்லை! அட்ரினலின் சுரந்து, வயிற்றுக்குப் போகும் ரத்தம் தசைக்குத் திரும்புகிறது. உடம்பு தயாராகிறது, அவ்வளவுதான்.

சென்னைப் பையன் குகேஷ் 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கு ஆடினாரே, வெள்ளைக் காய் இருந்தும் முதல் ஆட்டமே தோல்வி! அப்புறம் சுதாரித்து, 14 ஆட்டங்களில் 7.5-க்கு 6.5 என்று டிசம்பர் 12-ல் ஜெயித்தார். வயது 18. அவருக்கு மனப்பயிற்சி தந்தவர் பாடி அப்டன். 2011-ல் உலகக் கோப்பை வென்ற நம்ம கிரிக்கெட் அணிக்கும் மனப்பயிற்சி தந்தவர் அவர்தான்.

தளிப் பிள்ளைக்கு யார் இருக்கா? "தோத்துட்டு வீட்டுப் பக்கம் வராதே" என்று கோட்டோரம் நின்று கத்தும் அப்பா! ஓசூர் கம்பெனியில் ஷிப்டுக்கு லீவு போட்டு வந்தவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு சீட்டு கிடைக்காதா என்ற ஏக்கம். புரிகிறது. ஆனால் அந்தக் கத்தலில் பிள்ளையின் கால் பின்னிக்கொள்கிறதே!

பி.டி. வாத்தியார்களே, முந்தின நாளே கூட்டிப் போய் மைதானத்தைக் காட்டுங்கள். மூச்சை மெதுவாக, நீளமாக விடச் சொல்லிக் கொடுங்கள். பந்தயம் முடிகிறவரை அப்பாமார்கள் டீக்கடையிலேயே இருக்கட்டும்!