இரண்டாவது மாத்திரை எழுதும் முன்

காலை பதினொரு மணிக்கு எந்தப் புறநோயாளிப் பிரிவுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். படியேறி வந்த பெரியவர் முக்காலியில் உட்காருவார். உட்கார்ந்ததுமே சட்டைக் கைக்கு மேலேயே பி.பி. கஃப் சுற்றப்படும். "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாய்யா?" என்று கேட்டபடி காற்றேற்றுவோம், அவரும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். 158/94. சீட்டில் அம்லோடிபின் 5 மி.கி. என்றிருந்தது 10 ஆகிவிடும்.

அந்த 158-இல் எவ்வளவு மெய்யாகவே அவருடைய ரத்தக் குழாயின் அழுத்தம்? பேசிக்கொண்டிருந்தாலே 10 மி.மீ. வரை ஏறும். கை தொங்கி, கஃப் இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இறங்கினால் இன்னும் 7, 8 கூடும். பருத்த கைக்குச் சிறிய கஃப் கட்டினால் அதுவும் கூட்டியே காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய உட்காரவைத்து, பாதம் தரையில் பதிய, கையை மேசைமேல் தாங்கி, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளக்க வேண்டும் என்பது நாம் எல்லோரும் படித்ததுதான். கூட்டம் தாங்கவில்லை என்பது நியாயமான பதில். ஆனால் வரிசையில் காத்திருக்கும் நேரத்தையே அந்த ஐந்து நிமிடமாக்கலாம். அறை வாசலில் முதுகு சாயும் நாற்காலி நான்கு போட்டால் போதும்.

சரியாக அளந்தும் 140/90-க்கு மேல் நிற்கிறதென்றால் மருந்தைக் கூட்டத் தயங்கக் கூடாது. அடுத்த முறை பார்ப்போம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது பக்கவாதத்துக்கு வழிவிடுவது. ஆனால் மருந்தைக் கூட்டும் முன் மாத்திரைப் பையை மேசையில் கொட்டிப் பாருங்கள். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் கிடக்கும். அழுத்தத்தை ஏற்றுவது அதுவாகவே இருக்கலாம். டெல்மிசார்டான் அட்டை பிரிக்கப்படாமல் இருக்கும்.

அம்லோடிபினால் கணுக்கால் வீங்கியவருக்கு ஃபுரோசமைடு எழுதும் பழக்கத்தை நாம் விட்டே ஆக வேண்டும். நுண்தமனிகள் விரிந்து, சிரைப் பக்கம் அதே அளவு விரியாததால் திசுக்களுக்குள் கசியும் நீர் அது. நீர் பிரிக்கும் மாத்திரை அதைப் பெரிதாக வற்றவைக்காது; பொட்டாசியத்தை இறக்கிவிடும். இதயமோ சிறுநீரகமோ காரணமில்லை என்று உறுதிசெய்த பின், அம்லோடிபினை 5-க்குக் குறைத்து டெல்மிசார்டான் சேர்த்தால் பெரும்பாலும் வீக்கம் தணியும், அழுத்தமும் கட்டுப்படும். கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துக்கொண்டால் சரி.

முதியவர்களை எழுந்து நிற்கவைத்தும் ஒருமுறை அளக்க வேண்டும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேலழுத்தம் 20 இறங்குகிறவர் இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழும் ஆபத்து அதிகம். அவருக்கு மருந்தை மெதுவாகத்தான் கூட்ட வேண்டும்.