கண்ணாடிக்கு முன் நிழல்

சென்னையில் கண்ணாடி முகப்புள்ள ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு நண்பகலில் போய்ப் பாருங்கள். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே பிளைண்டுகள் இறக்கப்பட்டு, விளக்குகள் அத்தனையும் எரியும். வெளிச்சத்துக்கென்று போட்ட கண்ணாடி வெளிச்சத்தைத் தரவில்லை. வெப்பம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. பிளைண்டில் படும் வெயில் ஏற்கெனவே அறைக்குள் நுழைந்துவிட்ட வெயில். அதை வெளியே தள்ளுவது ஏசியின் தலையில் விழுகிறது.

இதற்கு மருந்தாக நாம் கண்ணாடியையே மாற்றிக்கொண்டிருக்கிறோம். வெப்ப வரத்து குறைந்த கண்ணாடி தேவைதான். ஆனால் மலிவான அடர்நிறக் கண்ணாடி வெப்பத்தோடு ஒளியையும் தடுத்துவிடும். இரண்டையும் பிரித்தறியும் பூச்சுள்ள கண்ணாடிக்கோ விலை அதிகம். 2017ஆம் ஆண்டின் இ.சி.பி.சி. எனப்படும் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு ஜன்னல்–சுவர் விகிதத்துக்கு 40 சதவீதம் உச்சவரம்பு வைத்தது. நம்மில் பலர் அந்த வரம்பையே இலக்காக எடுத்துக்கொண்டு எலிவேஷன் வரைகிறோம். பகல் வெளிச்சம் ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு தூரம்தான் உள்ளே போகும். மேசை மட்டத்துக்குக் கீழே போடும் கண்ணாடியால் அந்தத் தூரம் கூடுவதில்லை; ஏசி சுமைதான் கூடுகிறது.

சென்னையின் அட்சரேகை 13 பாகை. டிசம்பர் 21 நண்பகலில் தெற்கே சூரியன் சுமார் 53 பாகை உயரத்தில் நிற்கும். தெற்குச் சுவரில் 60 சென்டிமீட்டர் சன்ஷேட் இருந்தால் அதற்குக் கீழே ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நிழல் விழும். அதே சன்ஷேடை மேற்குச் சுவரில் வையுங்கள்: மார்ச் 21 அன்று, சூரிய நேரப்படி மாலை 4 மணிக்கு, நிழல் 34 சென்டிமீட்டர்தான். நான்கு பக்கமும் ஒரே சன்ஷேடை நகலெடுத்து ஒட்டுவது எவ்வளவு வீண் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். மேற்கில் ஜன்னலைச் சுருக்கி, படிக்கட்டு, கழிவறை, லிஃப்ட் ஆகியவற்றை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். வடக்கையும் மறந்துவிடக் கூடாது. மே, ஜூன் மாதங்களில் காலையும் மாலையும் அங்கே சாய்வெயில் படும். அதற்குச் செங்குத்துத் தடுப்புகள் வேண்டும்.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி இதற்கு நல்ல பாடம். ஆண்டனின் ரேமண்ட் வடிவமைத்து, 1937இல் ஜார்ஜ் நகாஷிமாவின் மேற்பார்வையில் பணி தொடங்கிய கான்கிரீட் கட்டடம் அது. நீண்ட முகப்புகள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. அவற்றில் கண்ணாடிக்குப் பதிலாகக் கையால் திருப்பக்கூடிய கிடைமட்ட லூவர்கள். தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள். இடையில் காற்று ஓடும் இடைவெளி. வெயில் சுவருக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. ஏசி போட்டு மூடிய இன்றைய அலுவலகத்துக்கு அந்த லூவரை அப்படியே எடுத்துவைக்க முடியாது. எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசைமுறையை: முதலில் திசை, அடுத்து நிழல், அதன் பிறகே அடைப்பு.

கட்டடம் வடிவமைக்கும் நம் அலுவலகங்களில் இந்த வரிசை தலைகீழாகக் கிடக்கிறது. எலிவேஷனுக்கு உரிமையாளர் ஒப்புதல் தந்த பிறகுதான் ஏசி பொறியாளருக்கு வரைபடம் போகிறது. அந்த நிலையில் அவரால் டன்னேஜை ஏற்ற மட்டுமே முடியும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த திட்டத்தின் முதல் செக்‌ஷனிலேயே டிசம்பர் நண்பகல், ஜூன் நண்பகல், மாலை 4 மணி ஆகிய மூன்று வெயில் கோடுகளையும் வரையுங்கள். நிழல் அமைப்போடும் அது இல்லாமலும் குளிரூட்டும் சுமையைத் தனித்தனியே கணக்கிட்டு, இரண்டு எண்களையும் உரிமையாளர் முன் வையுங்கள்.