பேட்டரி கட்டிலுக்குக் கீழே எதற்கு?



போன இதழில் 'செல்போன் நன்மையா, தீமையா' என்று கட்டுரை வந்தது. அது எல்லா ஊருக்கும் உள்ள பிரச்சினை. நான் எழுதப் போவது நம்ம கடற்கரைக்காரங்க பிரச்சினை. போட்டு பேட்டரி!

விசைப்படகில் எஞ்சின் ஓடும்போதே டைனமோ சார்ஜ் ஏற்றிவிடும். நம்ம கரையில் உள்ள சின்ன ஃபைபர் போட்டுகளில் அந்த வசதி கிடையாது. அதனால் கரை வந்ததும் மீன் ஏலத்துக்குப் போகும், பேட்டரி வீட்டுக்கு வரும். அதிகாலை மூணு மணிக்குத் திரும்பக் கிளம்ப வேண்டும் என்பதால் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறும். எங்கே? கட்டிலுக்குக் கீழே, இல்லாவிட்டால் அடுப்படி மூலையில்.

இது தப்பு என்பதுதான் என் கருத்து.

அறிவியல் வகுப்பில் ஹைட்ரஜன் வாயுவிடம் எரியும் குச்சியைக் காட்டினால் 'பாப்' என்று சத்தம் வரும் என்று படித்தோம் அல்லவா? பேட்டரி நிறைகிற நேரத்தில் உள்ளே குமிழ் குமிழாக வருவதும் அதே ஹைட்ரஜன்தான், கூடவே ஆக்சிஜனும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். சன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிற சின்ன வீடு, பக்கத்தில் அடுப்பு, அவசரத்தில் சுவிட்சை அணைக்காமலே கிளிப்பைப் பிடுங்குவது, அதில் வருகிற பொறி. பேட்டரி வெடித்தால் சிதறுவது தண்ணி இல்லை, ஆசிட். கிளிப் கழற்றும் முன்னால் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

'அப்ப பேட்டரியே வேண்டாமா?' என்று கேட்பீர்கள். வேண்டும், கட்டாயம் வேண்டும். பாக் நீரிணையில் 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நமக்கும் இலங்கைக்கும் நடுவே எல்லைக்கோடு உண்டு. கடலில் வேலியா போட்டிருக்கிறார்கள்? ஜி.பி.எஸ். திரையில் பார்த்தால்தான் கோடு. பேட்டரி இறங்கிவிட்டால் திரையும் இல்லை, கோடும் இல்லை. லைட்டும் போய்விடும். "லைட்டு இல்லாத போட்டு, பெரிய போட்டுக்காரன் கண்ணுக்கு அலை மாதிரிதான் தெரியும்" என்று எங்க அப்பா சொல்வார்.

சில அண்ணன்மார் கரண்ட் மோட்டார் மாட்டினால் எண்ணெய் செலவு மிச்சம் என்கிறார்கள். வெளிநாட்டில் ஏரியில் தூண்டில் போடுபவர்கள் அப்படிச் சின்ன மோட்டார் வைத்திருக்கிறார்கள். ஆனால் முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 100 ஆம்பியர்-அவர் பேட்டரி கணக்குப்படி ரெண்டு மணி நேரம்தான், உண்மையில் அதுவும் வராது. நீரோட்டத்தை எதிர்த்து நம்மால் ரெண்டு மணி நேரத்தில் வீடு வர முடியுமா? முதலில் லைட்டு பேட்டரியை ஒழுங்காகப் பார்ப்போம்.

எங்க ஊரில் பேட்டரி சீக்கிரம் சாவதற்கு அவசரமும் ஒரு காரணம். 80 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 8 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு வைத்து மெதுவாக ஏற்ற வேண்டும். வெறும் பேட்டரி நிறையப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். கடையில் ரெண்டு மணி நேரத்தில் 'அவசர சார்ஜ்' போட்டால் சூடேறித் தகடு வளைந்துவிடும். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். எங்க தெருக் குழாய்த் தண்ணியே உப்பு. அதை ஊற்றினால் பேட்டரி போச்சு! தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதில் விசைப்படகுக்காரர்கள் பேட்டரியைப் பாதி இறங்கின நிலையில் மூலையில் போட்டுவிடுகிறார்கள். தகட்டில் வெள்ளையாகச் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாக்கள் தூங்கும்போது சார்ஜரைப் பார்ப்பது யார்? எங்க வீட்டில் அம்மாவும் நானும். என் பாவாடையில் இருக்கும் ஓட்டைகள் எலி கடித்ததில்லை, ஆசிட். ஆனால் பேட்டரி வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் விவரமெல்லாம் ஆண்களுக்குத்தான். வேலை பார்க்கிறவங்களிடம் விவரம் சொல்வதில்லை. இது எனக்குக் கோபம்தான்.

ஏலக்கூடத்தின் வடக்குப் பக்கம் காற்றோட்டமாகச் சும்மா கிடக்கிறது. அங்கே சங்கம் சார்பில் மேடை கட்டி, சார்ஜர்கள் வைத்து, கம்பி வலை அடைத்துப் பூட்டலாம். மேலே சோலார் தகடு போட்டால் பகல் முழுக்க வெயில் இலவசம். 'திருட்டுப் போகும்' என்பார்கள். பேட்டரியில் பெயின்டால் போட்டு நம்பர் எழுதி, டோக்கன் கொடுத்தால் போதும். ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிற நமக்கு டோக்கன் புதுசா? காவலுக்கு ஆள் வேண்டும் என்றால், கணவர் கடலில் போய்விட்ட அம்மாக்கள் நாலு பேர் எங்க தெருவிலேயே இருக்கிறார்கள். மீட்டர் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் ஆகாது. ஏற்றி முடித்துச் சற்று ஓய்ந்த பிறகு 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அப்பா இதைப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். பெண்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் நாங்களே பேசுவோம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி