ஊதச் சொன்னால் ஊதுங்கள், பிறகு கேளுங்கள்

கேள்வி: போன வாரம் திண்டிவனம் கமிட்டியில் மணிலா போட்டுவிட்டு இரவில் டிராக்டரில் திரும்பினோம். ஓட்டியது என் மகன். வழியில் போலீஸார் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். அவனுக்குக் குடிப்பழக்கம் இல்லை. வயிறு சரியில்லை என்று கிளம்பும்போது அரிஷ்டம் குடித்திருந்தான். கருவி ஏதோ ஓர் எண்ணைக் காட்டியது. கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். ஒன்றும் காட்டவில்லை, அனுப்பிவிட்டார்கள். அனுப்பாமல் இருந்திருந்தால் நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? ஊத முடியாது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா?
- வாசகர், பிரம்மதேசம்

பதில்: இது பயிர்க் கேள்வி இல்லைதான். ஆனால் அறுவடை நேரத்தில் டிராக்டர் நான்கு நாள் நின்றால் நஷ்டம் யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். புதுச்சேரி எல்லை அருகில் இருப்பதால் நம் சாலைகளில் சோதனையும் அதிகம். ஆகவே விவரமாகவே சொல்கிறேன்.

முதலில், ஊத மறுக்காதீர்கள். ஓட்டுநர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி ஊதச் சொல்லலாம் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-வது பிரிவு. மறுத்தால், அந்தச் சந்தேகத்தின் பேரில் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். தக்க காரணமின்றி மறுத்ததை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான ஆதாரமாகவும் எடுத்துக்கொள்ளலாம். குடிக்காதவர் மறுப்பது தன் கையிலிருக்கும் சாட்சியைத் தானே தூக்கி எறிவது போல.

சட்டம் வைத்திருக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதற்கு மேல் போனால் முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பைக், கார், டிராக்டர் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். விவசாய வண்டி என்று விலக்கு கிடையாது.

இனி உங்கள் மகன் விஷயம். பதநீர் புளித்தால் கள்ளாவது நமக்குத் தெரியும். ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது. அரிஷ்டம் தயாராவதும் நொதித்துத்தான். நன்கு கனிந்த பழத்திலும் இது நடக்கும். 2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில், பணிக்குப் போகும் முன் பலாச்சுளை சாப்பிட்ட ஓட்டுநர்கள் ஊதும் சோதனையில் மாட்டினார்கள். சுழியம் காட்டிய ஒருவரைப் பலாச்சுளை தின்னவைத்து ஊதச் சொன்னபோது, அவருக்கும் கருவி எண் காட்டியது. அதன் பிறகே உண்மை புரிந்தது.

இப்படி வாயில் தங்கும் ஆல்கஹால் சிறிது நேரத்தில் போய்விடும். ரத்தத்தில் கலந்தது அவ்வளவு சீக்கிரம் போகாது. எனவே, “ஐயா, மருந்து குடித்தேன். வாய் கொப்பளித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதுகிறேன்” என்று பணிவாகக் கேளுங்கள். மருந்துப் புட்டி இருந்தால் காட்டுங்கள். ஊதும் முன் கருவி சுழியம் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

அப்படியும் கைது செய்தால் மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். ஒன்று, காவல் நிலையத்தில் மறுபடி ஊத வாய்ப்புத் தர வேண்டும். இரண்டு, கைதான 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும்; நடக்காவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது 202-வது பிரிவு. கைதான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று, ரத்தத்தைப் பதிவு பெற்ற மருத்துவர்தான் எடுக்க வேண்டும். குடிக்காதவர் ரத்தப் பரிசோதனையைத் தானே கேட்டு வாங்கலாம். அதைவிட நல்ல சாட்சி இல்லை. கைதுக்கான காரணத்தைக் கேட்கவும், வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பணம் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் குற்றத்தைச் சாலையிலேயே சமரசக் கட்டணம் கட்டி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. அபராதத்தை முடிவு செய்வது நீதிமன்றம். ரசீது இல்லாமல் யார் கையிலும் பணம் கொடுக்காதீர்கள். லைசென்ஸை வாங்கிக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். ஆனால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

வண்டியை, குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் ஒப்படைக்கும்படி கேளுங்கள். குடித்த காரணத்துக்காக மட்டும் வண்டியைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும் எடுத்துச் சொல்லலாம். ஆனால் ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, அல்லது வண்டிக்குப் பதிவு இல்லை என்றால், 207-வது பிரிவின்படி வண்டியைப் பிடித்து வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நம் ஊர்களில் பல டிராக்டர்கள் நிற்பது இதனால்தான். பையனுக்கு லைசென்ஸ் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழைக்கலாம்.

இவ்வளவும் குடிக்காதவருக்குப் பாதுகாப்பு. குடித்தவருக்கு இவை தப்பிக்கும் வழி அல்ல. மோரும் எலுமிச்சையும் ரத்தத்தில் உள்ளதைக் குறைக்காது. உடல் அதைக் கரைப்பது 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான். இரவில் அதிகம் குடித்தவர் விடியற்காலையில் உழவுக்குக் கிளம்பும்போதும் அளவுக்கு மேல் இருக்கலாம். அந்த நிலையில் விபத்து நடந்தால், சொந்த வண்டியின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது கடினம். டிரெய்லரில் கூலியாட்களை ஏற்றி வரும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதுவே சட்டப்படி தவறு. ஓட்டுபவர் குடித்தும் இருந்தால், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் உயிருக்கு யார் பொறுப்பு? சாவியை மகனிடம் கொடுக்கும் முன் இதை ஒருமுறை சொல்லிவிடுங்கள்.